மூக்கி உப்பிட்ட மீன்

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தோடு அது வழக்கொழிந்து போயிற்று. அதற்குப் பிறகு வீட்டிலும் சரி, கரையிலும் சரி, அவள் மூக்கிதான்.

பெயர் வந்த கதை சின்னதுதான். மாமனார் ஒருநாள் கூடை நிறையக் கானாங்கெளுத்தி கொண்டுவந்து அடுக்களையில் இறக்கினார். மீன் கண்ணாடி போலப் பளபளத்தது. புது மருமகள் எட்டிப் பார்த்தாள், மூக்கைச் சுருக்கினாள், "மாமா, அடியில ஒன்னு சரியில்ல" என்றாள்.

மாமனாருக்குச் சுருக்கென்றது. "கழுத்துல போட்ட மாலை இன்னும் வாடல, அதுக்குள்ள மூக்கை நுழைக்கிறியாம்மா?"

கூடையைக் கவிழ்த்தார்கள். முந்தின நாள் மீன் ஒன்று அடிப்பின்னலில் சிக்கிக் கிடந்தது. மாமனார் நல்ல மனிதர். மருமகளிடம் மூக்கறுபட்டதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "இனி இவ மூக்கை நுழைக்காத கூடை நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று அன்றைக்கே சட்டம் போட்டார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. சட்டம் மட்டும் போகவில்லை.

கானாங்கெளுத்தியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அது கொழுப்பு மீன். கொழுப்பால்தான் அதற்கு ருசி, கொழுப்பால்தான் அதற்குக் கேடும். மற்ற மீன் கெட்டால் கண் குழியும், செவுள் வெளுக்கும், தெருவே முகம் சுளிக்கும். இது கமுக்கமான மீன். வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே உள்ளே விஷம் ஏறத் தொடங்கிவிடும். வெளியே மினுமினுவென்று சிரித்துக்கொண்டிருக்கும். ஏறிய விஷம் உப்பிலும் சாகாது, நெருப்பிலும் சாகாது. மூக்கி செவுளைப் பிளந்து மூக்கை வைப்பாள். ஒரு மூச்சு இழுப்பாள். "உப்பு" என்றால் உப்பு, "உரம்" என்றால் உரக்குழி. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

படகு சின்னது. அவள் புருஷனும் அவர் தம்பியும் இரண்டு பேர்தான் அதில் போவார்கள். வலை கிடையாது, கைத்தூண்டில்தான். ஒரே கயிற்றில் வரிசையாக முள். முள்ளுக்கு முள் பளபளக்கும் காகிதத் துண்டு. கூட்டத்துக்கு நடுவே இறக்கினால் கானாங்கெளுத்தி யோசிக்காது, கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டு வரும். விடியும்போது போய் வெயில் ஏறுவதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்ததும் வேலை பெண்களுடையது. மூக்கியும் கொழுந்தன் பெண்டாட்டியும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் எதிரெதிராக உட்கார்ந்து வயிற்றைக் கீறுவார்கள், குடலை எடுப்பார்கள், முதுகெலும்பை ஒட்டியிருக்கும் கறுத்த இரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவார்கள். பிறகு நீலப் பீப்பாயில் ஓர் அடுக்கு கல்லுப்பு, ஓர் அடுக்கு மீன், வயிறு மேலே பார்க்க. மூடிப் பலகை வைத்து அதன்மேல் கல்லை ஏற்றினால் மீனே தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே அமுங்கிப் பதமாகும்.

அதில் ஒரு முறை உண்டு. அதுவும் மாமனார் வைத்ததுதான். உப்பில் ஊறிய மீன் எதுவானாலும் பிடித்தவன் தின்று பார்த்த பிறகுதான் வெளியே போகவேண்டும். "நம்ம வயித்துக்கு ஆகாதது ஊரான் வயித்துக்கு ஆகுமா?" என்பார். அவருக்குப் பிறகு அந்த முதல் மீன் மூத்த மகனான மூக்கியின் புருஷனுக்கு வந்தது. அவர் நெஞ்சு இழுப்புக்காரர். பனி பட்டால் விசில் ஊதும். ஆனாலும் எந்த நாளும் அவர் அந்தத் தட்டை இன்னொருவர் பக்கம் தள்ளியதில்லை.

பீப்பாய்கள் பெரும்பாலும் போகிற இடம் ஆலைத் தொழிலாளர் தங்கும் விடுதி. அங்கே சமையல்காரர் ஒருவர் இருந்தார், உருண்டையான மனிதர், வாயைத் திறந்தால் கேலிதான். பீப்பாயை இறக்கும்போது அவர் மீனைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். "மூக்கி பார்த்ததா?" என்பார். "பார்த்தது" என்று கொழுந்தன் சொன்னால் போதும். "அப்ப உருட்டு உள்ள." அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

இப்படிப்பட்ட மூக்கைத்தான் அந்த வருஷத்து மழைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

காய்ச்சல் வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது. மூக்கு போனது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து கொழுந்தன் பெண்டாட்டி பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ அக்கா! கிழங்கு தீயுது, தெருமுனை வரைக்கும் வாடை வருது. பக்கத்துல உக்காந்துகிட்டு வேடிக்கை பார்க்கிறீங்களா?"

மூக்கி பாத்திரத்தைப் பார்த்தாள். புகை தெரிந்தது. புகைதான் தெரிந்தது.

"ஏதோ நினைப்புல இருந்துட்டேம்மா" என்றாள்.

கொழுந்தன் பெண்டாட்டி போன பிறகு மூக்கி சோப்பை எடுத்து மூக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. வெங்காயத்தை நசுக்கிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. கொடியில் கிடந்த புருஷனின் கடல் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். உப்பும் வியர்வையும் இன்ஜின் எண்ணெயுமாக எத்தனையோ வருஷம் அவளோடு இருந்த மணம் அது. யாருடைய சட்டையோ போல, கடையில் தொங்கும் துணி போல இருந்தது. அப்போதுதான் மூக்கு போனது அவளுக்கு உறைத்தது.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஆனால் மனித மனசை ஆண்டவன் அப்படி நேராகப் படைக்கவில்லை. காய்ச்சலோடு போனது தெம்பு திரும்பினால் தானே திரும்பும் என்று முதலில் நினைத்தாள். காலையில் கண் விழித்ததும் மூச்சை இழுத்துப் பார்ப்பாள். "இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குக் குடுப்பா சாமி" என்று சொல்லிக்கொண்டு எழுந்திருப்பாள். திரும்பவில்லை. அதற்குள் மீன் பருவம் வந்துவிட்டது.

இரண்டு குடும்பத்துக்கும் அந்தப் படகு ஒன்றுதான் அடுப்பு மூட்டுகிறது. அந்தப் படகை நம்பவைப்பது அவள் மூக்கு. "மூக்கி பார்த்ததா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பீப்பாய் எங்கே உருளும்? இன்னொன்றும் இருந்தது, அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மூக்கியிடம் மூக்கு இல்லையென்றால், பிறகு அவள் யார்?

ஆகவே நடித்தாள். முன்பு போலவே குனிந்தாள், செவுளைப் பிளந்தாள், மூச்சை இழுத்து நிறுத்தி, தலையை நிமிர்த்தி, "உப்பு" என்றாள். வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டாள், கண்ணைப் பார்த்துக்கொண்டாள். மீன் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது, பிழையும் நேரவில்லை. ஒவ்வொரு பீப்பாயை மூடும்போதும் பலகைமேல் கை வைத்து மனசுக்குள் வேண்டிக்கொள்வாள். முன்பெல்லாம் வேண்டிக்கொண்டதில்லை, தேவைப்படவில்லை.

பருவத்தின் நடுவில் ஒருநாள் வெயில் ஏறியும் படகு வரவில்லை. உச்சிவேளை ஆயிற்று. கரையில் நின்று கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்துப் பார்த்து இரண்டு பெண்களுக்கும் கண் பூத்துவிட்டது. வெயில் சாய்ந்த பிறகுதான் புள்ளியாகத் தெரிந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. துடுப்புப் போட்டு வந்தார்கள்.

கரைக்கு வந்ததும் புருஷன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு விசிலடித்தது. படகில் ஈரச் சாக்குக்கு அடியில் மீன் குவிந்து கிடந்தது. அந்தப் பருவத்திலேயே அவ்வளவு மீன் அன்றைக்குத்தான்.

"கொட்டிடலாம்னுதான் சொன்னேன். நடுக்கடல்லயே சொன்னேன். இவன் கேட்டாத்தானே" என்றார்.

கொழுந்தன் உள்ளங்கையைக் காட்டினான். துடுப்பு தின்ற கை. கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. "ஈரச் சாக்கைப் போட்டு, தண்ணி ஊத்தி ஊத்திக் கொண்டாந்திருக்கேன் அண்ணே. குழந்தையைக் கொண்டார மாதிரி கொண்டாந்திருக்கேன். நாம ஏன் முடிவு பண்ணணும்? அண்ணி எதுக்கு இருக்காங்க? அண்ணி, நீங்க சொல்லுங்க. கொட்டுன்னா இப்பவே கொட்டுறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மூக்கி குனிந்து ஒரு மீனை எடுத்தாள். கண் தெளிவாகத்தான் இருந்தது. செவுளைப் பிளந்தாள், சிவப்பாகத்தான் தெரிந்தது. மூக்கை வைத்தாள். ஈரமும் குளிர்ச்சியும் மூக்கு நுனியில் பட்டன. அதற்கு அப்பால் சுவர்.

கொட்டு என்று சொல்லியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும். பிற்பாடு எத்தனையோ முறை அந்த ஒரு நொடிக்கே திரும்பிப் போய் நின்று பார்த்தாள். ஆனால் நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது கொழுந்தனின் கை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு கொட்டு என்று சொல்ல, நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு எதுவுமே நிச்சயமில்லை.

"உப்பு" என்றாள்.

"நான் சொல்லல?" என்று கொழுந்தன் துள்ளினான். புருஷன் மட்டும் மணலிலிருந்து அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் போல இருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த மீன் இரண்டு பீப்பாய் நிறைந்தது.

அவை பதமான அன்று காலையில் விடுதியிலிருந்து ஆள் வந்தது. திறந்து வைத்த பீப்பாய் தீர்ந்துவிட்டது, கிடங்கில் இருப்பது மழைக்கு, சீக்கிரம் புதிதாக ஒன்று அனுப்புங்கள் என்று. கொழுந்தன் தள்ளுவண்டியை எடுத்தான்.

"அண்ணன் இன்னும் தின்னு பார்க்கலையே தம்பி" என்றாள் மூக்கி.

"மத்தியானம் தின்னத்தானே போறாரு அண்ணி. உங்க மூக்குக்கு மேல அவரு நாக்கு என்ன பெரிய நாக்கா?" என்று சிரித்துக்கொண்டே உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் இரண்டாவது பீப்பாயிலிருந்து ஒரு மீனை எடுத்து உப்புப் போக ஊறவைத்து, அவித்து, கிழங்கோடு தட்டில் வைத்தாள். புருஷன் ஒரு வாய் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"மிளகு போட்டியா?"

"இல்லையே."

"நாக்குல சுறுசுறுங்குது. எறும்பு ஓடுற மாதிரி."

"வெச்சிடுங்க. தின்னாதீங்க" என்று தட்டைப் பிடித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். "நீ பார்த்ததுதானே?" என்றார். அவள் பதிலுக்குக் காத்திருப்பவர் போல மெதுவாக இன்னொரு வாய் எடுத்துப் போட்டார்.

சற்று நேரத்துக்கெல்லாம் முகம் குங்குமமாகச் சிவந்தது. கழுத்து, மார்பு எல்லாம் சிவப்பு படர்ந்தது. தலை வெடிக்கிறது என்றார், நெஞ்சு படபடக்கிறது என்றார். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. விசில் மட்டும் வந்தது. பக்கத்து வீட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நீள அறை. ஒரு பக்கம் கட்டில்கள், ஒரு பக்கம் சன்னல்கள். டாக்டர் மார்பில் குழாயை வைத்துக்கொண்டே கேட்டார். "இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி வந்திருக்கா? ஒவ்வாமை ஏதாவது? என்ன சாப்பிட்டாரு?"

"இழுப்பு உண்டு டாக்டர்" என்றான் கொழுந்தன். "ரொம்ப நேரம் துடுப்புப் போட்டாரு, அன்னிக்கிலிருந்தே ஒரு மாதிரிதான் இருக்காரு. அதுதான் நெஞ்சுல இறங்கிடுச்சு. சாப்பிட்டது வீட்டு மீன். அதுல சந்தேகமே வேண்டாம். எங்க அண்ணி பார்த்து உப்புப் போட்டது."

டாக்டர் தலையை அசைத்துக்கொண்டு நர்சிடம் இதயத்துக்கான பரிசோதனையைப் பற்றி ஏதோ சொன்னார்.

மூக்கி சுவரோரம் நின்றிருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க அக்கா, மாமாவுக்கு ஒன்னும் ஆகாது. சாயந்தரம் விடுதியில பீப்பாய் திறந்தா பணத்தைக் கையோட வாங்கிட்டு வரச் சொல்றேன், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அது ஈட்டியாக இறங்கியது. சாயந்தரம் அங்கே எத்தனை தட்டு வைப்பார்கள்? ஆலையிலிருந்து பசியோடு வருகிற பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேருக்கு இழுப்போ!

ஆண்டவனிடம் அவள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "வாயைத் திறந்துவிடு" என்று மட்டும் கேட்டாள்.

"டாக்டர்" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. "அது நெஞ்சு இல்ல. மீன். வெயில்ல கிடந்த மீன்."

"அண்ணி!" என்றான் கொழுந்தன். "நீங்க பார்த்தீங்களே?"

"பார்க்கல தம்பி. பார்த்த மாதிரி நின்னேன். எனக்கு மூக்கு இல்ல."

அறையில் யாரோ கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. நாக்கில் சுறுசுறுவென்று இருந்ததா, எவ்வளவு நேரத்தில் சிவந்தது என்று கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நர்சிடம் திரும்பி வேறு ஊசியின் பெயரைச் சொன்னார். போட்ட பிறகு அவளைப் பார்த்து, "நல்லவேளை சொன்னீங்க" என்றார். அதைக் கேட்க அவளுக்குக் கூசியது.

புருஷன் மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அவரைக் கொழுந்தன் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு விடுதிக்கு ஓடினார்கள். வழி நெடுகக் கொழுந்தன் கையில் ஆறாத புண்ணை மறுகையால் தடவிக்கொண்டே வந்ததை அவள் பார்த்தாள்.

விடுதிச் சமையலறையில் பீப்பாய் திறந்திருந்தது. மீன் பெரிய அண்டாவில் உப்புப் போக ஊறிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அடுப்பில் ஏற்றவில்லை.

"அடடே, மூக்கியே நேர்ல வந்திருக்கு!" என்றார் சமையல்காரர். "என்ன, என் சமையலையும் மோந்து பார்க்கணுமா?"

"அந்த மீனைக் கொட்டிடுங்க அண்ணே. கெட்டது."

"நீ பார்த்ததுன்னு உன் கொழுந்தன் சொன்னானே?"

"பார்த்தேன். ஆனா மூக்கு வேலை செய்யல. போயிடுச்சு."

சமையல்காரர் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. கரண்டியை வைத்தார். ஈரக் கையை மேல்துண்டில் துடைத்தார். பிறகு கேட்டார்.

"எப்ப போச்சு?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கொழுந்தன் எதிர்பார்த்திருந்தான். "இப்பத்தான் அண்ணே" என்று முந்திக்கொண்டான். "இந்த ரெண்டு பீப்பாய் போட்ட சமயத்துல. சளி பிடிச்சிருந்தது. மத்ததெல்லாம் முன்னாடியே போட்டது. ஒரு குறையும் இருக்காது."

அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. மூக்கிக்குப் புரிந்தது. விடுதிக் கிடங்கில் அவர்களுடைய பீப்பாய்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. வீட்டுக் கொட்டகையிலும் நின்றன. அந்தப் பருவம் முழுக்கப் பிடித்ததும் கீறியதும் அடுக்கியதும் அவைதான். மழைக்காலம் முடிகிறவரை இரண்டு குடும்பத்துக் கஞ்சியும் அதில்தான் இருந்தது. அவை நேரத்துக்கு வந்த மீன். பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும். "ஆமாம், இப்பத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பொய் யார் வயிற்றையும் கெடுக்காமல் போகலாம்.

போகலாம். அன்றைக்குக் கரையில் நின்றபோதும் அவள் மனசு அந்த 'லாம்' போட்டுத்தான் யோசித்தது.

"மழைக் காய்ச்சலோட போச்சு அண்ணே" என்றாள். "இந்தப் பருவத்துல எதையும் நான் மோந்து பார்க்கல."

கொழுந்தன் கதவுநிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

சமையல்காரர் கிடங்கில் நின்ற பீப்பாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கேலிக்கார மனிதர் கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சுமை குறைந்திருக்கும். "நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லையேம்மா" என்றார் கடைசியில். "அந்தப் பிள்ளைங்களுக்கு அப்படியே போட்டேன். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு."

எல்லாம் திரும்பி வந்தது. கொட்டகைக்குப் பின்னால் கொழுந்தன் குழி வெட்டினான். மண்ணைத் தூக்கி எறிந்த வேகத்திலேயே அவன் கோபம் தெரிந்தது. வாய்விட்டுச் சொன்னது அவன் பெண்டாட்டி. பீப்பாயைச் சாய்க்க, அடுக்கடுக்காக மீன் குழியில் விழுந்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"மூக்கு இருந்தவரைக்கும் நீங்க ராணி. நான் எதிர்ல உக்காந்து குடல் உருவினவ. 'அக்கா, இது எப்படி இருக்கு'ன்னு நான் கேட்டா, 'உனக்கு என்ன தெரியும்'னு ஒரு பார்வை பார்ப்பீங்க. எனக்கும்தான் ஆண்டவன் மூக்கு குடுத்திருந்தான் அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா?"

இத்தனை வருஷம் எதிரெதிராக உட்கார்ந்தும் அவளுக்கும் ஒரு மூக்கு இருக்கிறது என்பது தனக்குத் தோன்றவே இல்லையே என்று மூக்கி நினைத்தாள். மண்வெட்டியை எடுத்து மண்ணைத் தள்ளினாள்.

புருஷன் வீடு திரும்பினார். உயிர் பிழைத்தார் என்பது பெரிய காரியம். அதற்கு அவள் தினமும் நன்றி சொன்னாள். ஆனால் நெஞ்சு பழைய நெஞ்சாக இல்லை. பத்தடி நடந்தால் உட்கார வேண்டியிருந்தது. கடல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியாகப் படகெடுக்க முடியாமல் கொழுந்தன் ஐஸ் ஆலையில் மூட்டை தூக்கப் போனான். படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். அடியில் நாய் ஒன்று குடியேறியது.

சன்னலோரம் அவருக்கு ஒரு நாற்காலி. ஒரு பிற்பகலில் அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவள் கீழே உட்கார்ந்தாள்.

"உனக்கு மூக்கு போனது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்ததுன்னு நினைக்கிறேன்" என்றார் திடீரென்று.

அவள் நிமிர்ந்தாள்.

"மண்ணெண்ணெய் கொட்டின சட்டையைக் கழட்டிப் போட்டேன் ஒருநாள். நீ அதை மடிச்சு என் தலையணைக்குப் பக்கத்துல வெச்ச. முன்னாடின்னா வாசல்லயே வெச்சு அர்ச்சனை நடந்திருக்கும். அப்பவே ஒரு மாதிரி பட்டுச்சு. நிச்சயமா தெரியல."

"அப்ப ஏன் கேட்கல? கரையில வெச்சாவது கேட்டிருக்கலாமே? தெரிஞ்சுகிட்டே ஏன் தின்னீங்க?"

"வாயெடுத்தேன். எல்லார் முன்னாடியும் உன்னை எப்படிக் கேட்கிறது? நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். தின்னா எப்படியும் தெரிஞ்சிடும், என்னோட போகட்டும்னு நினைச்சேன். இவன் முன்னாடியே ஒன்னை உருட்டிட்டுப் போவான்னு யார் கண்டா?" மூச்சு வாங்கினார். "உனக்கு மூக்கு போச்சு, எனக்கு வாய் போச்சு. நல்ல ஜோடி."

அவர் சிரிக்கப் பார்த்தார், அது இருமலாக முடிந்தது. அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

பிறகு மழை வந்தது. குழிமேல் போட்ட மண் உள்ளே இறங்கிற்று. தெருவில் போகிறவர்கள் அந்தப் பக்கம் வரும்போது முந்தானையையோ துண்டையோ எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு வேகமாகக் கடந்தார்கள். பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்தினார்கள். "மூக்கி வீட்டுப் பக்கமே போக முடியல" என்று யாரோ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அவள் ஒருத்திக்கு மட்டும் அது வெறும் காற்று. பிறர் முகத்தைப் பார்த்துத்தான் தன் வீட்டு நாற்றத்தை அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒருநாள் மழை விட்ட நேரத்தில் கொட்டகைப் பக்கமிருந்து உள்ளே வந்தாள். புருஷன் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் அடிக்குதாங்க?"

"இல்ல" என்றார். "குறைஞ்சிடுச்சு. இப்ப ஒன்னும் இல்ல."

சொல்லும்போது துண்டு அவர் மூக்கின்மேல் இருந்தது. கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அவள் பார்த்ததும் துண்டைச் சட்டென்று மடியில் போட்டார். போட்டதும் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது.

அவள் அவர் எதிரே நின்றாள்.

"நமக்குள்ள ஒளிச்சது போதுங்க" என்றாள். "அடிக்குதா, இல்லையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அடிக்குது" என்றார். "ரொம்ப அடிக்குது. உள்ள உக்கார முடியல."

"சரி" என்றாள். துண்டை எடுத்து அவர் முகத்தில் தானே கட்டிவிட்டாள். சன்னலைச் சாத்தினாள். பிறகு கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியோரத்து மண்மேட்டில் ஏறினாள். ஈர மண் கனத்தது. மறுபடியும் தூறல் போட ஆரம்பித்திருந்தது. மழையில் நனைந்த மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு என்பது நினைவிருந்தது. அது எப்படி இருக்கும் என்பதுதான் நினைவில்லை. அவள் குனிந்து மண்ணை வெட்டி வெட்டிக் குழிமேல் போட்டுக்கொண்டே இருந்தாள்.